வெள்ளை பூத்த சாக்லேட்

1

போன வாரம் பிஸ்கட் உருண்டை செய்தேன். தனியாகத்தான் செய்தேன். பிசைந்த மாவு நாற்பத்தெட்டு உருண்டைக்குச் சரியாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்; நாற்பத்தேழுதான் வந்தது. அந்த ஒன்று எங்கே போயிற்று என்று மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து தேடிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் நினைவு வந்தது. பதம் பார்க்கிறேன் என்று நானே வாயில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பூரில் இருக்கும் உங்களுக்கு இந்தப் பண்டம் பழக்கமிருக்காது. நான் இருப்பது லண்டனில் பெர்மாண்ட்சி என்ற பேட்டை. நம் பக்கத்திலிருந்து கப்பலேறி வரும் தோல் கட்டுகள் வந்து இறங்கும் கிடங்குகள் இங்கேதான் இருக்கின்றன. எது ஆம்பூர்ச் சரக்கு, எது வாணியம்பாடி, எது பேர்ணாம்பட்டு என்று தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலைக்காக இளம் மனைவியோடு வந்தவன், முப்பத்திரண்டு வருஷமாக இங்கேயே இருந்துவிட்டேன். இதே பேட்டையில் ஒரு பெரிய பிஸ்கட் ஆலையும் உண்டு. காற்று ஒரு பக்கம் அடித்தால் தோல் வாடை, மறுபக்கம் அடித்தால் வெண்ணெய் வாசனை. இரண்டும் சேர்ந்து வருகிற நாளில் எனக்குத் தலைவலி.

ஆலையில் உடைந்துபோகும் பிஸ்கட்டுகளைக் காகிதப் பையில் போட்டு மலிவாக விற்பார்கள். அவற்றைத் துணியில் முடிந்து, பாட்டிலை உருட்டி நன்றாகத் தூளாக்க வேண்டும். உருக்கிய வெண்ணெயும் டப்பாப் பாலும் விட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டிச் சற்று ஆறவிட வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் சாக்லேட் கட்டியைப் போட்டால் மெதுவாக இளகும். ஒவ்வொரு உருண்டையையும் முள்கரண்டியில் ஏந்தி அதில் முக்கி எடுத்து, மெழுகுத் தாளில் வைத்து, ஜன்னல் ஓரத்தில் விட்டால் போதும். இந்த ஊர்க் குளிர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். கடித்தால் மேலே ஓடு போல 'டக்'கென்று உடைய வேண்டும், உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். சுடுகிற வேலையே கிடையாது. எங்கள் வீட்டில் சுடுவதற்கு அடுப்பும் கிடையாது.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் கீழ் வீட்டு மிஸஸ் ஹாட்ஜ். அவள் புருஷன் அந்த ஆலையில் வேலை பார்த்து இறந்தவர். அவளிடமிருந்து என் மனைவி மேரி கற்றாள், மேரியிடமிருந்து எங்கள் ஒரே மகள் ரூத் கற்றாள். மேரி போய் ஆறு வருஷம். ரூத் இந்த வருஷம் இங்கே இல்லை. ஆகவே முள்கரண்டி என் கைக்கு வந்துவிட்டது.

2

கிறிஸ்துமஸ் தட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். தெருவில் நம் வேதக்காரர் வீடு, இந்து வீடு, துலுக்கர் வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் பலகாரத் தட்டு போகும். போன தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. வாழைப்பழமோ வெல்லமோ ஏதாவது ஒன்று அதில் இருக்கும்.

இங்கே வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு மேரி அதிரசம் செய்தாள். வெல்லம் தேடி நான் துறைமுகம் வரை அலைந்தது தனிக் கதை. வீட்டுக்காரர் எண்ணெய்ப் புகை ஆகாது என்று மாடிப்படியில் நின்று சத்தம் போட்டது இன்னொரு கதை. வந்த அதிரசம் பதினாறு. அதில் எட்டை, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே பித்தளைத் தட்டில் வைத்து மிஸஸ் ஹாட்ஜுக்குக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் தட்டு திரும்பி வந்தது. தேய்த்து, கழுவி, துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. மிஸஸ் ஹாட்ஜ் வாசலில் நின்று மூன்று தரம் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மேரி கதவைச் சாத்தினாள்.

"இன்னாங்க இது? கழுவித் தொடச்சி அப்டியே குடுத்துட்டுப் போறா."

"இங்கே பழக்கம் அதுதான்."

"இன்னா பழக்கம்? வீட்ல ஒண்ணும் இல்லன்னா ஒரு பிடி சக்கர போடறது. அதுக்குமா பஞ்சம்? எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதன்னு சொல்லாம சொல்றா."

ஆறு மாதம் மேரி அவளோடு பேசவில்லை. அந்த அம்மாளுக்கோ இவளுக்கு ஏதோ வீட்டு ஏக்கம் என்று எண்ணம். ரூத் பிறந்த அன்று, வெந்நீரும் துணியுமாக மாடியேறி வந்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவள் மிஸஸ் ஹாட்ஜ்தான். அதற்குப் பிறகு மேரி தட்டுக் கணக்கைத் தள்ளுபடி செய்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அந்தத் தட்டு பளபளவென்று திரும்பும்போது, "சக்கர கூட இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பாள். ரூத் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

3

ரூத் நர்ஸ். வயது முப்பத்தொன்று. போன வருஷம் நம் வேலூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டு, என்னிடம் கேட்காமலே எழுதிப் போட்டுவிட்டாள். வரச் சொல்லிப் பதிலும் வந்தது.

மற்றவர்கள் பிள்ளைகள் ஊரை மறந்து இங்கிலீஷ்காரர்களாகிவிட்டார்கள் என்று புலம்புவார்கள். என் மகள் ஊரையே பார்த்ததில்லை, அங்கே போகிறேன் என்கிறாள். நான் இந்த வயதில் இரண்டு மாடி ஏறி, தனியாக ஒரு முட்டையை வேகவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யாரிடம் புலம்புவது?

"போய்ப் பார்க்கலாம் அப்பா. பிடிக்காவிட்டால் வந்துவிடுகிறேன்" என்றாள்.

பிடிக்காது என்று நான் உறுதியாக இருந்தேன். ஆகவே நானும் கூடப் போனேன். கிறிஸ்துமஸ் ஆம்பூரில் என் தங்கை சாராள் வீட்டில், மாசியில் திரும்புகால் என்று ஏற்பாடு. திரும்பும்போது கடல் குளிர் கடிக்குமே, உன் தடித்த கம்பளிக் கோட்டை எடுத்து வை என்று நாலு தரம் சொன்னேன். நாலு தரமும் சரிப்பா என்றாள். கப்பலில் பெட்டியைத் திறந்தால் கோட் இல்லை. சாக்லேட் கட்டிகள் மட்டும் ஒரு தகர டப்பா நிறைய, இருபது.

சென்னைத் துறைமுகத்தில் அந்த டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள்.

"இது விற்பனைக்கா?" என்றார் சுங்க உத்தியோகஸ்தர்.

"இல்லை, உருண்டை பிடிக்க."

"என்ன பிடிக்க?"

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் ஒரு காகிதம் எடுத்தார், பிறகு இன்னொன்று எடுத்தார், அதற்கு முத்திரை போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் ரூத் தான் நர்ஸ் என்று சொன்னதும், மருந்து என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்.

ரூத் எங்களோடு பேசியது பெரும்பாலும் இங்கிலீஷ்தான்; அவள் தமிழ் நான் படித்துக் காட்டிய வேதப் புத்தகத் தமிழ். ஆம்பூர் ரயிலடியில் ஜட்கா வண்டிக்காரரிடம், "ஐயா, நீர் எங்களை எவ்விடத்துக்குக் கொண்டுபோவீர்?" என்று கேட்டாள். அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், பாப்பா சர்ச்சுல பிரசங்கம் பண்ணுதா?"

எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. இந்தத் தமிழை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாக்குப் பிடிப்பாள்?

4

சாராள் வீட்டில் டப்பாவைத் திறந்தபோது எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. செங்கடல் வெயிலில் எங்கள் அறை அடுப்பாகக் காய்ந்தது அல்லவா, சாக்லேட் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. நானே பூஞ்சை என்றுதான் நினைத்தேன். தோலாக இருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் தனியாக ஒதுக்கச் சொல்லியிருப்பேன்.

ரூத் மட்டும் கவலைப்படவில்லை. சூட்டில் இளகி மறுபடி இறுகினால் உள்ளிருக்கும் கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகத் தெரியும், உருக்கினால் சரியாகிவிடும் என்று தன் தமிழில் அத்தைக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ரயிலில் வேலூருக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும், வரும்போது லாங் பஜாரில் பிஸ்கட்டும் டப்பாப் பாலும் வாங்க வேண்டும்.

அவள் சொன்னபோது சாராளின் புருஷன் தானியேல் வீட்டில் இல்லை. அவருக்குத் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேஸ்திரி வேலை. பதனிட்ட தோலில் மழைக்காலத்தில் வெள்ளை பூத்தால் உடனே ஈரத் துணியால் துடைத்து நிழலில் போடுவது அங்கே அன்றாட வேலை. மத்தியானம் சாப்பிட வந்தவர் அலமாரியில் சாக்லேட்டைப் பார்த்திருக்கிறார். பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்ததாயிற்றே என்ற அக்கறையில், இருபது கட்டியையும் எடுத்து, நல்ல வெள்ளைத் துணியை நனைத்து, வரி வரியாகத் துடைத்து, முறத்தில் அடுக்கி நிழலில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் ரூத்தும் சாராளும் பிஸ்கட்டை இடித்து, பிசைந்து, உருட்டி வைத்தார்கள். நான் எண்ணினேன். எண்பத்தெட்டு. ரூத் அடுப்பில் சட்டியை ஏற்றி, மேலே கிண்ணம் வைத்து, சாக்லேட்டைப் போட்டுக் கிளறினாள். இளகுவது போல இருந்தது. சட்டென்று கட்டி தட்டி, ஆற்று மணலைக் குழைத்தது போலக் கரண்டியில் ஏறிக்கொண்டது. கிளறக் கிளற இன்னும் இறுகியது.

"தண்ணீர் பட்டிருக்கிறது" என்றாள் ரூத். "ஒரு சொட்டுப் பட்டாலும் இப்படியாகும். தண்ணீர் விட்டவர் யார்?"

வாசலில் நின்றிருந்த தானியேல் ஒரு அடி பின்னால் போனார்.

"தண்ணி விடல பாப்பா. தொடச்சேன். அவ்ளோதான்."

"ஈரத் துணியினாலா?"

"காஞ்ச துணியால தொடச்சா பூஞ்ச எப்டிப் போவும்?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு மச்சான். வெள்ள பூத்தா தொடைக்கணுமா வேணாமா? முப்பது வருஷமா தொடச்ச கை."

"தோலுன்னா சரி" என்றேன்.

"பாத்தா தோலு மாதிரிதான்யா இருந்துது."

ரூத் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். பிறகு சொன்னாள், "இன்னா மாமா, இப்டிப் பண்ணிட்டீங்களே."

வேதப் புத்தகத்தில் இல்லாத தமிழ் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சாராள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தானியேலும் சிரித்தார். ரூத்தும் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிக்காதவன் நான் ஒருவன்தான். இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது.

"லண்டனில் இந்தத் தொல்லையே கிடையாது. ஜன்னலில் வைத்தால் தானாக இறுகிவிடும்" என்றேன்.

ரூத் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "லண்டன்ல மாமா இல்லப்பா."

5

மேலே பூச முடியாவிட்டால் உள்ளே போட்டுவிடலாம் என்று ரூத்தே சொன்னாள். இறுகிய சாக்லேட்டில் சுடச்சுடப் பாலைத் தாராளமாக விட்டு அடித்தாள். சொட்டுத் தண்ணீருக்கு இறுகுகிற பண்டம் கரண்டி கரண்டியாகப் பால் விட்டால் இளகிவிடுகிறது. இந்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. உருட்டி வைத்த எண்பத்தெட்டையும் உடைத்து அதில் சேர்த்துப் பிசைந்தார்கள். பூச்சு இல்லாமல் கையில் ஒட்டியது. சாராள், ஒடுகத்தூரிலிருந்து வந்த வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி இடித்துத் தாம்பாளத்தில் பரப்பினாள். அதில் புரட்டி எடுத்தார்கள். லண்டனில் சாக்லேட் வெளியே, ஆம்பூரில் சாக்லேட் உள்ளே. பால் சேர்ந்ததால் இந்தத் தடவை நூற்றுப் பத்து வந்தது. தானியேலுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

"தொடச்சது நல்லதாப் போச்சி பாரு" என்றார்.

பதினொரு தட்டு. ரூத்தும் சாராளும் எடுத்துக்கொண்டு போக, நான் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் போனேன். தோல் மண்டிக்காரர் வீட்டு கதீஜா பீ, உருண்டையை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சாராளு, கலரப் பாத்தா பேஜாரா இருக்குதே. இதுல சாராயம் கீராயம் போடலியே?"

"இல்லைங்க" என்றாள் ரூத். "பிஸ்கட்டு, பாலு, வேர்க்கடல."

கதீஜா பீ ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "இனிப்பு ஜாஸ்தி. நல்லாக்குது." மீதியைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, பேரீச்சம்பழம் நிறைத்துக் கொடுத்தார். "எப்போ திரும்பிப் போற பாப்பா?"

ரூத் சிரித்துவிட்டு அடுத்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

தெருக்கோடியில் ஒரு வீடு. புருஷனுக்குக் காய்ச்சல், ஒரு மாதமாக வேலைக்குப் போகவில்லை என்று சாராள் வழியிலேயே சொல்லியிருந்தாள். அந்தப் பெண் தட்டை வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் நில்லும்மா" என்று உள்ளே போனாள். டப்பாவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. தட்டு வந்தபோது நடுவில் ஒரு பிடி சர்க்கரை இருந்தது.

அன்று மாலை பதினொரு தட்டும் கூடத்தில் வரிசையாக இருந்தன. ரூத் அந்தச் சர்க்கரைத் தட்டின் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா சொன்னது நெசந்தான்ப்பா" என்றாள். சர்க்கரையில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் இங்கியே இருந்துடறேன்" என்றாள்.

நான் வெயிலைச் சொன்னேன், விஷக்காய்ச்சலைச் சொன்னேன், கொசுவைச் சொன்னேன், பாலாற்றில் தண்ணீர் இல்லாததைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. மாசியில் நான் மட்டும் கப்பலேறினேன்.

6

வந்ததும் அவள் கம்பளிக் கோட்டைத் தேடினேன். அலமாரியில் இல்லை. சலவைக் கடைக்குப் போய்க் கேட்டேன். சீட்டு இருக்கிறதா என்றான். சீட்டு இருந்தால் உன்னை ஏன் கேட்கிறேன் என்றேன். சீட்டு இல்லாமல் தேட முடியாது என்றான். மறுபடியும் போனேன், மறுபடியும் சீட்டு.

வருஷம் முழுவதும் எனக்கு ஒரே நினைப்பு. தானியேல் அந்த ஈரத் துணியை எடுக்காமல் இருந்திருந்தால் சாக்லேட் ஒழுங்காக உருகியிருக்கும், உருண்டை ஒழுங்காக வந்திருக்கும், அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள், என்னோடு திரும்பியிருப்பாள். சாராளுக்கு எழுதும்போதெல்லாம் இதைக் கோடி காட்டி எழுதினேன். ஒரு தடவை கோடி காட்டாமலே எழுதினேன். ரூத் ஞாயிறுதோறும் ஆம்பூருக்குப் போய்வருகிறாளாம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமாவைச் சாக்லேட் பக்கமே விடப்போவதில்லை என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் செய்த நாற்பத்தேழில் பன்னிரண்டை மேரியின் பித்தளைத் தட்டில் வைத்து மிஸஸ் ஹாட்ஜுக்குக் கொடுத்தேன். மறுநாள் கதவு தட்டும் சத்தம். அவள்தான். தட்டின் மேல் ஒரு துணி மூடியிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டு மூடி வந்ததில்லை.

"சரியாகச் செய்தேனா தெரியவில்லை" என்றாள். "கேக் செய்யலாமென்று பார்த்தேன், மூட்டு வலி விடவில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் சர்க்கரை போதும் என்று ரூத் சொன்னாள்."

துணியை எடுத்தேன். தட்டு நடுவில் வெள்ளைச் சர்க்கரை குவியலாக இருந்தது. ஒரு பிடி அல்ல, நாலு பிடி இருக்கும்.

"ரூத் எப்போது சொன்னாள்?"

"நீங்கள் கப்பலுக்குக் கிளம்பிய அன்று காலை. இந்தக் கோட்டை எனக்குக் கொடுக்க வந்தாளே, அப்போது. அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அப்பா இங்கே தனியாக இருப்பார், அவர் தட்டை மட்டும் வெறுமையாக அனுப்பிவிடாதீர்கள் என்றாள்."

அப்போதுதான் பார்த்தேன். அவள் போட்டிருந்தது அந்தக் கோட்தான். நல்ல உடுப்பாக இருக்கிறதே என்று கிறிஸ்துமஸுக்காக எடுத்து வைத்திருந்தாளாம்.

ஆக, கப்பல் ஏறுவதற்கு முன்பே என் மகள் முடிவு செய்துவிட்டாள். குளிர் கோட் இனி வேண்டாம் என்று கொடுத்துவிட்டாள், எனக்குச் சர்க்கரைக்கும் சொல்லி வைத்துவிட்டாள். செங்கடலில் சாக்லேட் வெள்ளை பூக்காமல் இருந்திருந்தாலும், யாரும் துடைக்காமல் இருந்திருந்தாலும், ஒன்றும் மாறியிருக்காது. நாலு தரம் சரிப்பா என்று சொன்னது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

மிஸஸ் ஹாட்ஜை உட்காரச் சொல்லி, அந்தச் சர்க்கரையைப் போட்டு இரண்டு கோப்பை டீ கலந்தேன். கோட்டின் கை அவளுக்கு இரண்டு விரற்கடை நீளமாக இருக்கிறது, அடுப்புப் பக்கம் போகும்போது ஜாக்கிரதை, மடித்துத் தைத்துக்கொள் என்று சொல்லியனுப்பினேன்.

ஆம்பூரில் தானியேல் மேஸ்திரியைப் பார்க்கிறவர்கள் யாரானாலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த ஈரத் துணியின் மேல் எனக்கு இனி ஒரு வருத்தமும் இல்லை. வெள்ளை பூத்தால் துடைக்கத்தான் வேண்டும்.